லிடியாவின் பகா எண்

அப்பா சிம் ஊசியைத் தேடிக் கிடைக்காமல், அம்மாவின் சேலைப் பின்னை வாங்கிக்கொண்டு, லிடியாவின் போனை மடியில் கவிழ்த்து உட்கார்ந்துவிட்டார். லிடியா என் அக்கா. நர்சிங் முடித்தவள். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து அன்று மத்தியானத்துக்குள் அந்த நம்பருக்குக் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். எடுக்காவிட்டால் வேலை அடுத்தவளுக்கு.

அப்பா சவரிராயன் ரிக் வண்டி வைத்து போர்வெல் போடுகிறவர். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போவார். மற்ற நாட்களில் ஒன்பதைக் கும்பிடுவார். ஐந்நூறு அடி கேட்ட தோட்டக்காரருக்கு, கூட்டு ஒன்பது வரவேண்டும் என்று ஐந்நூற்று நான்கு அடி போட்டுக்கொடுத்தவர். லிடியாவின் நம்பரைக் கூட்டினால் எட்டு வருகிறதாம். மூன்று வரன் தட்டிப்போனதற்கு அதுதான் காரணமாம். அதில் ஃபேர்லேண்ட்ஸ் ஏரியாவிலிருந்து வந்த மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருந்தது என்பது கணக்கில் வரவில்லை. கூட்டு ஒன்பது வரும் புது சிம் ஒன்றை வாங்கிவந்துவிட்டார்.

நான் பி.எஸ்சி. கணிதம், இரண்டாமாண்டு. வீட்டில் யாரும் என்னிடம் கணக்குக் கேட்டதில்லை. நானாகத்தான் போனேன்.

“அப்பா, ஒம்போதால வகுத்தா மீதி என்னவோ, கூட்டுனா அதுதான் வரும். எட்டுன்னா மீதி எட்டு. அவ்ளோதானுங்கப்பா.”

“அந்த மீதியத்தான்டா நானும் சொல்றேன். எதுக்கு மீதி இருக்கோணும்?”

இதற்குப் பதில் என் பாடத்திட்டத்தில் இல்லை.

“மத்தியானம் வரைக்கும் பொறுங்கப்பா,” என்றாள் லிடியா. “இல்லீன்னா ரெண்டு சிம்மும் இருக்கட்டும்.”

“ஒம்போதையும் எட்டையும் சேத்தா மறுபடி எட்டுதான் சாமி வருது. நான் போட்டுப் பாத்துட்டேன்.”

அது சரியான கணக்கு. அதுதான் எரிச்சல்.

போன் நம்பரும் ஒரு முழு எண்தானே. தொள்ளாயிரத்து நாற்பது கோடிச் சொச்சம். தொண்ணூற்றேழாயிரம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். லேப்டாப் கண்ணிமைப்பதற்குள் சொல்லிவிட்டது. பகா எண். இதைச் சொன்னால் அப்பா மனசு மாறும் என்று எனக்கு ஏன் தோன்றியது என்று தெரியவில்லை.

“அப்பா, இது லேசுப்பட்ட நம்பரில்ல. ஒன்னால வகுபடும், தன்னாலயே வகுபடும். வேற எந்த நம்பரும் கிட்ட வர முடியாது.”

அப்பா கையிலிருந்த பின் அப்படியே நின்றது. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

“எதுவுமே கிட்ட வராதா?”

“வராதுங்கப்பா.”

“ஜெபமலரு, கேட்டியா? படிச்ச பையனே சொல்லிப்போட்டான். அப்பறம் மாப்பிள்ள எங்கிருந்து கிட்ட வருவான்?”

“நாந்தான் அன்னைக்கே சொன்னனுங்களே,” என்றார் அம்மா, சமையலறையிலிருந்து. அவர் எந்த அன்றைக்கும் எதுவும் சொன்னதில்லை.

லிடியா என்னைப் பார்த்தாள். “உன்னய யாருடா வகுக்கச் சொன்னா?”

போனிலிருந்து சிம் தட்டு வெளியே வந்தது. அப்பா சிம்மை நகத்தால் கிளப்பியதும் லிடியா பாய்ந்து பறித்து வாய்க்குள் போட்டுக்கொண்டாள்.

“துப்பு சாமி.”

தலையை ஆட்டினாள். அப்பா புது சிம்மைச் செருகினார். மணி பதினொன்றரை. நான் அப்பா கீழே வைத்த பின்னை எடுத்து, என் போனின் சிம் தட்டை வெளியே இழுத்து, என் சிம்மைக் கழற்றிவிட்டு, காலித் தட்டைச் சட்டையில் துடைத்து, அவள் முன்னால் நீட்டினேன். அவள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இடது கன்னத்திலிருந்து வலது கன்னத்துக்கு அந்த எண் மெல்ல நகர்ந்தது.