மல்லிப்பூவுக்கு வந்த குளவி

“கையை வீசாதீங்க மாமா. சும்மா நின்னா அது ஒண்ணும் பண்ணாதுங்க.”

“பண்ணாதுன்னு உன் காதுல வந்து சொல்லுச்சாக்கும்!”

“ஆமாங்க, சொல்லுச்சு. உங்களைப் பத்தியும் விசாரிச்சுது.”

மனைவி பொன்னாயி சொன்னதைக் கேட்டுச் சின்னண்ணன் சிரித்தபடி கையை இறக்கினான். குளவி அவனை ஒருமுறை சுற்றிவிட்டுக் கொத்தமல்லிப் பூவில் போய் அமர்ந்தது. சங்ககிரி மலைக்குத் தெற்கே இருந்த அவனுடைய தோட்டத்தில், கம்போடியாப் பருத்திக்கு நடுவே அவள் விதைத்த மல்லி வெள்ளையாகப் பூத்திருந்தது. தழையைக் கிள்ளினால் வரும் வாசனை அல்ல இது. வெயிலில் மெல்லக் கசிந்து, காற்று நின்ற பிறகும் போகாமல் நிற்கும் வேறொரு வாசனை. தூரத்தில் ரயில் ஒன்று ஈரோட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

அவனுக்கு ஒன்று விளங்கவில்லை. தோட்டத்தின் ஓரங்களில் காய்ப்புழு விழுந்து பாதிக் காய்கள் ஓட்டையாகிவிட்டன. மல்லிக்குப் பக்கத்துச் செடிகளிலோ ஓட்டைக் காயைத் தேட வேண்டியிருந்தது.

அப்போது ஒரு குளவி பருத்தி இலைக்கடியிலிருந்து பச்சைப் புழு ஒன்றைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. கனம் தாங்காமல் தாழப் பறந்தது. அவன் அதன் பின்னாலேயே போனான். வரப்பைத் தாண்டி, களத்தைத் தாண்டி, அது அவன் வீட்டுக்குள்ளேயே நுழைந்து, கதவு நிலைக்கு மேலிருந்த மண்கூட்டில் புழுவைத் திணித்தது.

அந்தக் கூட்டுக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தது. வைத்தவள் அவன் தாய் மாரக்காள். குளவி கூடு கட்டிய வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. கல்யாணமாகி வருஷங்கள் பல ஆகியும் பொன்னாயிக்குக் குழந்தை இல்லை. மகனுக்கு இரண்டாந்தாரமாக ஒரு பெண்ணைப் பார்க்க ஐப்பசியில் ஆட்டையாம்பட்டிக்குக் கிளம்பிய மாரக்காள், நிலைமேல் முதல் கூட்டைக் கண்டதும் வண்டி மாட்டை அவிழ்க்கச் சொல்லிவிட்டாள். “குளவி வந்து போயிட்டிருக்கிற வரைக்கும் பொறுத்துப் பாக்கலாம்” என்றாள். அதன்பின் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகக் கூடுகள் பெருகின.

சின்னண்ணன் மூச்சிரைக்கத் திரும்பி வந்தான்.

“ஏம் பொன்னாயி, ஆத்தா கும்புடற குளவி நம்ம காய்ப்புழுவைத்தான் மூட்டை கட்டிக்கிட்டுப் போவுது! மல்லிப்பூ வாசத்துக்கு வருது, பக்கத்துலயே புழுவை அள்ளுது. அதான் சங்கதி. உனக்கு முன்னாலயே தெரியுமா?”

“பூவுக்கு வர்றது தெரியுங்க. புழுவைத் தூக்கறது தெரியாதுங்க.”

“அப்புறம் எதுக்கு ரெண்டாந்தரமும் விதைச்சே? ஆத்தா தொவையலுக்குத் தழை கேட்டப்பக்கூட, முத்திப்போச்சு, கசக்கும்னியே?”

அவள் ஒரு பூங்கொத்தின் மீதிருந்த எறும்பைத் தட்டிவிட்டாள்.

“கெடக்குது போ. வர்ற வருசம் தோட்டம் பூராவும் ஊடால மல்லி போட்டரலாம்” என்றான் அவன். “அதோ ஆத்தாளே கஞ்சி கொண்டாறா. இரு, சொல்லிட்டு வாரேன்.”

மாரக்காள் கலயத்துடன் வரப்பில் வந்துகொண்டிருந்தாள். பொன்னாயி அவன் துண்டின் நுனியைப் பிடித்தாள்.

“புழுவைத் தூக்குதுன்னு சொல்லிக்கோங்க மாமா. மல்லிப்பூ வாசத்துக்கு வந்துச்சுன்னு மட்டும் அத்தைகிட்டச் சொல்லாதீங்க. அது நம்ம ஊடு தேடி வந்ததாவே இருக்கட்டுங்க.”