பிரிவு கேட்காத தேர்தல்

சாலைக் கடைத்தெருவுல பதினெட்டு வருஷமா வத்தல் மிளகாய் மொத்த வியாபாரம் பண்ணுறேன். சாக்கைத் திறந்து வச்சு, கையால அள்ளிக் காட்டி விக்கிற கடை. கல்யாணமாகி வள்ளியூர்ல இருந்து இந்த மலையாள ஊருக்கு வந்த புதுசுல, கட்சிக்கார ராஜையன் அண்ணாச்சி வந்து "பிரிவு வேணும்"னாரு. மலையாளத்துல பிரிவுன்னா கட்சிக்கு வசூல், எனக்கென்ன தெரியும்? "யாருக்கும் யாருக்கும் அண்ணாச்சி பிரிவு? பேசிச் சேத்து வைக்கப்படாதா?"ன்னு கேட்டுட்டேன். தெருவே சிரிச்சுது.

அதுக்கப்புறம் தேர்தலுக்குத் தேர்தல் அவரும் வருவாரு, எதிர்க்கட்சி வேலாயுதனும் வருவாரு. ரெண்டு பேரையும் வாய் நிறைய திட்டிக்கிட்டே குடுப்பேன்.

இந்தத் தடவை ரெண்டு பேருமே வரல. அப்பாடான்னு இருந்தேன், மட்டி!

வந்தது மார்க்கெட் கமிட்டி நோட்டீஸ். இனிமே வத்தலைச் சாக்குல வச்சு லூசா விக்கப்படாதாம், சுகாதாரக் கேடாம். ஒட்டின பாக்கெட் மட்டும்தான். நோட்டீஸ்ல கேட்ட மாதிரி பாக்கெட் போடுற மிஷின் பொன்வயல் குரூப்கிட்ட மட்டும்தான் இருக்கு. மூணே வருஷத்துல இந்தத் தெரு வத்தல் வியாபாரத்துல முக்கால்வாசியை முழுங்கினவன் அவன். வியாழக்கிழமை ரெண்டு கட்சி ஆளுங்களும் இருக்கிற கமிட்டி இதுக்குக் கை தூக்கிட்டா என் கடை காலி.

பிரிவுப் பணத்தைக் கவர்ல போட்டு எடுத்துக்கிட்டு ராஜையன் அண்ணாச்சிகிட்ட ஓடினேன். "வேண்டாம் உலகம்மா. சின்ன வியாபாரிகளைப் பிரிவு கேட்டு புத்திமுட்டிக்க வேண்டாம்னு கட்சி தீருமானம்"னாரு. வேலாயுதன்கிட்ட ஓடினா, அங்கயும் அதே வசனம், ஒரு எழுத்து மாறல. அவருக்குப் பின்னால ஃப்ளெக்ஸ் கட்டு மலை மாதிரி கிடந்தது. ஒவ்வொரு கட்டுலயும் பொன்வயல் ஸ்டிக்கர். ராஜையன் ஆபீஸ்லயும் அதே ஸ்டிக்கரைத்தான் பார்த்தேன்.

நூறு கடையில கை நீட்டுறவன் நூறு பேருகிட்ட ஏச்சு வாங்கணும். ஒருத்தனே அள்ளிக் குடுத்துட்டா, அந்த ஒருத்தனைப் பார்த்துச் சிரிச்சா போதும். என்கிட்ட வாங்காதவனை நான் எந்த உரிமையில ஏசுவேன்?

வியாழக்கிழமை கமிட்டி கூடுச்சு. சாயா யாருக்கு முதல்ல வரணும்ங்கிறதுக்கே அடிச்சுக்குற ரெண்டு கட்சியும், எனக்கு எதிரா ஒண்ணா கை தூக்குச்சு. என்ன பாசம், என்ன ஒத்துமை!

மறுநாள் சாக்கு வாயெல்லாம் தைச்சுக்கிட்டு இருந்தேன். ராஜையன் அண்ணாச்சி பூத் சிலிப்போட வந்து நின்னாரு.

"உலகம்மா, வோட்டை மறந்துடாதே, கேட்டோ."

"லூசா குடுத்தா சுகாதாரக் கேடாச்சே அண்ணாச்சி. பொன்வயல்ல போய் பாக்கெட்டா வாங்கிக்கிடுங்க."