வாண்டுக்குக் கொடுத்த எண்ணெய்

கசப்பென்றால் சாதாரணக் கசப்பு இல்லை. விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்த, பேக்கரியில் வேலை செய்கிற அம்மாவே ஓடிப்போய் வாய் கொப்பளித்தாள். ஆறு வயசு வாண்டு என்ன செய்யும், பாவம்? அம்மா சொட்டு மருந்துக் குழாயோடு வருவதைப் பார்த்தாலே பல்லைக் கடித்துக்கொள்ளும். மீறி உள்ளே போனால் அம்மா சட்டையிலேயே துப்பும். அது வாண்டின் வலிப்புக்குக் கொடுக்கிற எண்ணெய்தான், ஆனால் கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த எண்ணெய்.

நரம்பு டாக்டரம்மா கஞ்சா என்று வாயைத் திறந்ததுமே இவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். டாக்டரம்மா பொறுமையாகத்தான் விளக்கினார். அந்தச் செடியில் ஊருக்கெல்லாம் தெரிந்தது போதை தருகிற சரக்கு ஒன்று. ஆனால் பச்சைச் செடியில், அவ்வளவாகப் பேர் தெரியாத வேறு சில பொருள்களும் உண்டு. அதில் ஒன்றுக்கு டி.எச்.சி.ஏ. என்று பேர், அது போதை தராது. சில குழந்தைகளுக்கு வலிப்பைக் குறைப்பது போலத் தெரிகிறது, அடித்துச் சொல்ல இன்னும் ஆதாரம் போதாது. வாண்டுக்கு மற்ற மருந்தெல்லாம் கைவிட்டுவிட்டது, முறைப்படி அனுமதி வாங்கி இதைக் கொடுத்துப் பார்க்கலாம், ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

குணம் தெரியத்தான் செய்தது. துப்பியது போக உள்ளே போன கொஞ்சத்துக்கே வலிப்பு வருவது குறைந்தது. டாக்டரம்மா அளவைக் கூட்டச் சொன்னார். கூட்டினால் துப்புவதும் கூடத்தானே செய்யும்? அப்போதுதான் இவளுக்கு அந்த யோசனை வந்தது. விடியற்காலையிலிருந்து பேக்கரியில் மாவு பிசைகிறவளுக்குப் பிள்ளைக்கு மருந்து கொடுக்கவா வழி தெரியாது? வெண்ணெய், சர்க்கரை, தாராளமாகச் சாக்லேட் பொடி, ஒரு பிஸ்கட்டுக்கு ஒரு வேளை எண்ணெய். வாண்டு ஒன்றைத் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டது. அன்றைக்கு அவள் பட்ட சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

அந்தச் சந்தோஷம் அந்த வாரம்கூடத் தாங்கவில்லை. ஒருநாள் மதியம் வேலை முடிந்து வந்தால், வாண்டு சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறது. கண்ணெல்லாம் சிவப்பு. எழுந்து நடக்கச் சொன்னால் கால் பின்னுகிறது. பிறகு தூங்கிப்போனது, உலுக்கினாலும் எழவில்லை. அவளுடைய கொழுந்தன் சின்னவன்தான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

ரத்தத்தில் போதைச் சரக்கு இருந்தது. பாட்டிலில் மிச்சமிருந்த எண்ணெயைச் சோதித்தார்கள், அதில் கோளாறு எதுவும் இல்லை. டாக்டரம்மா முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, வீட்டில் யாராவது கஞ்சா பிடிக்கிறார்களா என்று கேட்டார். இவளுக்கு வேறு யார் ஞாபகம் வரும்?

சின்னவன் டயர் கடையில் வேலை பார்ப்பவன். எப்போதாவது மொட்டைமாடியில் ஒரு இழுப்பு இழுப்பான், இவளும் கண்டும் காணாமல் இருந்தாள். ஏனென்றால் அவன் இல்லாமல் அந்த வீடு ஓடாது. புருஷனுக்கு லாரி, மாதத்தில் பாதி நாள் ரோட்டில்தான். இவள் பேக்கரிக்குக் கிளம்பிய பிறகு, மதியம் கடைக்குப் போகும்வரை வாண்டைக் கவனிப்பவன் அவன்தான். வலிப்பு வந்தால் பதறாமல் ஒருக்களித்துப் படுக்கவைப்பான், வந்த நேரத்தைப் பார்த்துவைப்பான், பக்கத்தை விட்டு நகரமாட்டான். பெற்ற அப்பனுக்குக்கூட அது கைவரவில்லை.

அதெல்லாம் அன்றைக்கு அவள் நினைவில் நிற்கவில்லை. அவனுடைய சட்டைப் பையைத் துழாவினாள். பொட்டலம் கையில் சிக்கியது. அவ்வளவுதான், ஆஸ்பத்திரி வராந்தா என்றுகூடப் பார்க்காமல் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். நீயெல்லாம் மனுசனா, பச்சைப்பிள்ளை கைக்கு எட்டுகிற இடத்திலா இதை வைப்பாய், சாகடிக்கப் பார்த்தாயா என்றாள். அவன் தன் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். மிட்டாய் இருக்கும் என்று வாண்டு அவன் பையில் கைவிடுவது வழக்கம். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. சாயங்காலமே துணிமணிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். புருஷன் போனில் தம்பிக்காகப் பரிந்து பேச வந்தபோது, அந்தப் பேச்சை எடுத்தால் நானும் பிள்ளையும் வீட்டில் இருக்கமாட்டோம் என்று முடித்துவிட்டாள்.

பேக்கரியில் கெஞ்சி மதிய வேலைக்கு மாற்றிக்கொண்டாள். பக்கத்து வீட்டம்மா மதியம் வந்து உட்கார்ந்துகொள்வார். வாண்டு சித்தப்பா எங்கே, சித்தப்பா எங்கே என்று பிய்த்தெடுத்தது. எண்ணெயை நிறுத்தியதும் வலிப்பு பழையபடி வந்தது. ஒரு மாதம் போல ஆனதும் டாக்டரம்மா மறுபடி ஆரம்பிக்கலாம் என்றார். இவளும் மறுபடி பிஸ்கட் போட்டாள்.

மூன்றாம் நாள் வாண்டு அதே மாதிரி சுவரைப் பார்த்துச் சிரித்தது.

வீட்டில் சின்னவன் இல்லை. பொட்டலம் இல்லை. பக்கத்து வீட்டம்மாவுக்குக் காபி வாசனைகூட ஆகாது. ஆஸ்பத்திரியில் இவள் பிள்ளை தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மா வந்து எதிரில் உட்கார்ந்தார். இந்தத் தடவை அதட்டவில்லை. காலையிலிருந்து பிள்ளை வாயில் போனதையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லச் சொன்னார். பால், ரொட்டி, மருந்து பிஸ்கட் என்று இவள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"மருந்து பிஸ்கட்டா? சுட்டதுக்கு அப்புறம் எண்ணெயை மேல விட்டீங்களா, இல்ல மாவுலயே கலந்து சுட்டீங்களா?"

"மாவுலதான் டாக்டர். அப்பதானே கசப்பு தெரியாது?"

டாக்டரம்மா கையிலிருந்த ஃபைலை மூடினார். பிறகு மெதுவாகச் சொன்னார். அந்தப் பொருள் பச்சையாக இருக்கும்வரைதான் சாது. அடுப்புச் சூடு பட்டால் அதுவே போதைச் சரக்காக மாறிவிடும். ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னேனே தவிர, ஏன் என்று சொல்லவில்லை. எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று முதல் தடவையே கேட்டிருக்க வேண்டும், தப்பு என் மேலும் இருக்கிறது என்றார். வாண்டு காலையில் தெளிந்துவிடும் என்றும் சொன்னார். இவள் காதில் பாதிதான் விழுந்தது. தன் கையாலேயே பிள்ளைக்கு ஊட்டிவிட்டு, பழியை அடுத்தவன் தலையில் போட்டிருக்கிறாள்.

மறுநாள் வாண்டு எழுந்து பால் கேட்டதும், லாரியிலிருந்து ஓடி வந்திருந்த புருஷனிடம் பிள்ளையை விட்டுவிட்டு டயர் கடைக்குப் போனாள். வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை. அவன் கத்துவான், கத்தட்டும். எத்தனை பேர் முன்னால் கேட்டேன், அவனும் நாலு பேர் முன்னால் கேட்கட்டும். துப்பினாலும் துடைத்துக்கொண்டு, காலில் விழுந்தாவது கூட்டிவந்துவிட வேண்டும்.

சின்னவன் பாதியாக இளைத்திருந்தான். அவளைப் பார்த்ததும் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, பாப்பாவுக்கு என்ன ஆச்சு என்றுதான் முதலில் கேட்டான். அவள் நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டினாள். எண்ணெய், மாவு, அடுப்பு, டாக்டரம்மா சொன்னது, எல்லாம். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு, வரப்போகிற வசவுக்குக் காத்திருந்தாள்.

ஒன்றும் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். அவன் அடுக்கியிருந்த டயர் மேல் பொத்தென்று உட்கார்ந்திருந்தான். கிரீஸ் கையாலேயே முகத்தைத் துடைத்ததில் கன்னமெல்லாம் கறுப்பு.

"அப்ப நான் இல்லையா, அண்ணி?"

"இல்லடா. நான்தான்."

"நெசமாவா? நான் இல்லைல்ல?"

அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான்.