சக்களத்தியின் பெயர் மாயம்

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. புதுநகரத்தில் ஒரு ராவுத்தர் வீட்டுக்குக் காலை நேரத்தில் போயிருந்தேன். போன காரியம் வேறு, அதை விடுங்கள். உட்காரவைத்துத் தட்டில் நூல்புட்டு வைத்தார்கள். இடியாப்பத்துக்குப் பாலக்காட்டுப் பக்கம் அதுதான் பெயர். அந்த வீட்டு மருமகள், "இன்னும் ரெண்டு மாயம் வெக்கட்டுங்களா?" என்று கேட்டார்.

"அதென்ன மாயம்?" என்றேன். உள்ளே யாரோ சிரித்தார்கள்.

"அது எங்க ஊட்டுச் சக்களத்திங்க. எம் மாமியா காலத்துக் கதை. அம்பத்தஞ்சோ அம்பத்தாறோ," என்று சொல்லிவிட்டு அவர் தேங்காய்ப்பால் எடுக்கப் போய்விட்டார். திரும்பி வந்தபோது பேச்சு வேறு பக்கம் போயிருந்தது.

எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். ஒரு பலகாரம், அதற்கு ஒரு பெண் பெயர், ஒரு சிரிப்பு. இனி வருவதில் முக்கால்வாசி என் கைச்சரக்கு. பின்னால் வந்து ஏமாற்றிவிட்டாய் என்று சண்டைக்கு நிற்கக் கூடாது.

2

முதல் தொடக்கம்: 'தை மாதத்துப் பனி விலகாத ஒரு காலையில், பலசரக்கு வியாபாரி சைனுதீன் ராவுத்தர் தன் கடையின்...' வேண்டாம். பனியில் தொடங்கிய கதைகளை அடுக்கினால் ஒரு கிடங்கு நிறையும்.

இரண்டாவது: 'கடல் அவனை அழைத்தது...' கடல் யாரையும் அழைக்காது. புதுநகரத்துக்காரனை அழைக்க வேண்டுமென்றால் அது ரொம்பவே கத்த வேண்டியிருக்கும்.

மூன்றாவது: சைனுதீன் தன் மனைவியிடம் பொய் சொன்னான்.

இது தேவலை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

"சக்குபள்ளத்துக்குப் போறேன் புள்ளே. ஏலக்கா பாத்துட்டு வாறதுக்குக் கொஞ்ச நாளாகும்," என்றான். மலைமேல் ஏலத்தோட்டத்துக்கு அவன் வருஷாவருஷம் போகிறவன்தான். கௌலத் சந்தேகப்படவில்லை. குளிருக்கு ஒரு சால்வையும் வழிக்குக் கட்டுச்சோறும் எடுத்து வைத்தாள். அவன் அந்தச் சால்வையோடு நாகப்பட்டினம் போய்க் கப்பலேறினான். ஏறுவதற்கு முன் கூட்டாளி மொய்தீனுக்கு ஒரு கார்டு போட்டான். பினாங்கும் சிங்கப்பூரும் பார்த்துவிட்டு வருகிறேன், வீட்டில் சொல்லிவிடு என்று. மொய்தீன் வாசலில் நின்று, தலையைச் சொறிந்து, எப்படியோ சொல்லி முடித்தான்.

(வீட்டுக்குத் தெரியாமல் பாஸ்போர்ட் எப்படி வாங்கினான் என்று கேட்கிறவர்களுக்கு: எனக்கும் தெரியாது. வாங்கினான்.)

3

ஏன் போனான்? இந்த இடத்தில் இரண்டு நாள் பேனாவை மூடி வைத்துவிட்டேன். வியாபாரத்துக்குப் போனான் என்று எழுதினால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அங்கே ஒரு பெண் இருந்தாள் என்று எழுதினால் இன்னும் வேகமாகத் தலையாட்டுவார்கள். கடல் கடந்து போனவர்களில் சிலருக்கு அந்தக் கரையிலும் ஒரு குடும்பம் இருந்தது ஊருக்குத் தெரியும். ஆனால் சைனுதீன் ஊர் பார்க்கப் போனான். நாற்பது வயதுப் பலசரக்குக் கடைக்காரன் சும்மா ஊர் பார்க்கப் போனான் என்றால் யார் நம்புவார்கள்? எழுதுகிற எனக்கே கை கூசுகிறது.

போனான், பார்த்தான். பினாங்கில் சைக்கிள் ரிக்சாவில் முன்னால் உட்கார்ந்து, தெரு தன் மடியில் வந்து விழுவதைப் பார்த்தான். தோளில் காவடி போலக் கூடை தூக்கி வந்தவரிடம் சோறு வாங்கினான். அவர் மீன்குழம்பு, கறிக்குழம்பு, பருப்பு எல்லாவற்றையும் ஒரே சோற்றின் மேல் ஊற்றியபோது பதறிப்போய், "அய்யய்யோ, தனித்தனியா ஊத்துங்க" என்றான். ராமநாதபுரத்துக்காரரான அவர் சிரித்துவிட்டு, "தின்னுட்டுச் சொல்லுங்க பாய்" என்றார். தின்றுவிட்டு இன்னொரு தட்டு கேட்டான். சீனர் கடைகளின் முன்னால் நின்று, தின்ன முடியாததை முகர்ந்துமட்டும் பார்த்தான். சிங்கப்பூரில் கொத்துக்கறியும் முட்டையும் வைத்து மடித்துச் சுட்ட முர்தபாவை, வாய் வெந்தாலும் பரவாயில்லை என்று ஆறுவதற்குமுன் கடித்தான்.

ஒருநாள் பினாங்கில் கொடிமலைக்கு ரயிலேறினான். உச்சியில் நின்றபோது கீழே ஊரும், ஊருக்கு அப்பால் கடலும், கடலில் அவன் வந்ததைப் போன்ற கப்பல்களும் தெரிந்தன. "அங்க பாரு" என்று பக்கத்தில் திரும்பினான். பக்கத்தில் யாருமில்லை.

யாரைப் பார்த்துத் திரும்பினான்? 'கௌலத்தை' என்று எழுதி, அடித்துவிட்டேன். நீங்கள் அதைத்தான் எதிர்பார்க்கிறீர்கள் என்று தெரியும். கேட்டதையெல்லாம் கொடுத்தால் கதை கெட்டுப்போகும். அவன் திரும்பினான், அவ்வளவுதான்.

4

ஊர் திரும்பினான். கௌலத் சோறு போட்டாள். சட்டையைத் துவைக்க எடுத்தபோது ஒரு தடவை முகர்ந்து பார்த்தாள். சக்குபள்ளம் போய்வந்த சட்டையில் ஒரு வாரத்துக்கு ஏலக்காய் மணக்கும். இதில் உப்புக்காற்றும் தெரியாத ஊர்ச் சோப்பும்தான் இருந்தன.

கடை வீட்டோடு சேர்ந்தது. நடுவில் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் சைனுதீன் மொய்தீனிடம் சொல்லிக்கொண்டிருந்தது கௌலத்தின் காதில் விழுந்தது.

"மத்ததெல்லாம் கெடக்கட்டும் மொய்தீனு. பினாங்குல தெனமும் காலைல எனக்கு மாயந்தான்.* மாயம் இல்லாட்டிப் பொழுதே விடியாது. வெள்ளை வெளேர்னு, தொட்டா அத்தனை மிருது. ரூமு வாசலுக்கே வந்துருமப்பா."

கௌலத் பிடித்த திரையைப் பிடித்தபடி நின்றாள்.

* மலேயாவில் நம் ஆட்கள் தலைச்சுமையாகக் கொண்டுவந்து விற்ற இடியாப்பத்துக்கு அங்கே 'புட்டு மாயம்' என்று பெயர். சைனுதீன் செல்லமாகப் புட்டை விட்டுவிட்டான். அந்த ஒரு சொல் இருந்திருந்தால் எனக்குக் கதையே கிடைத்திருக்காது.

சாயங்காலம் அவனுடைய அக்கா ஐசும்மா கடைக்குள் வந்து நின்றாள். "தம்பி, உம் பொண்டாட்டி பொட்டி கட்டிட்டா. கொல்லங்கோட்டுக்கு, அவ அம்மா ஊட்டுக்குப் போறாளாம். யாருடா அந்த மாயம்?"

சைனுதீனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தான். ஐசும்மா சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும் அவனுக்குப் பயம் வந்தது.

5

சமையலறையில் கட்டிய பெட்டி ஒரு ஓரமாக இருந்தது. போகிற பெண், போகுமுன் ராத்திரிச் சாப்பாட்டுக்கு நூல்புட்டு பிழிந்துகொண்டிருந்தாள். (நம்ப முடியவில்லையா? கோபத்தோடு சமைக்கிறவர்களை நீங்கள் பார்த்ததில்லை போலிருக்கிறது.)

"இதுதான் புள்ளே மாயம்," என்று அவன் இட்லித் தட்டைக் காட்டினான். "அல்லா மேல ஆணையா இதுதான். அங்க நூல்புட்டுக்கு அந்தப் பேரு. சர்க்கரையும் தேங்காப்பூவும் தூவித் தருவாங்க."

கௌலத் அவன் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பொய் சொல்லும்போது அவன் முகம் எப்படியிருக்கும் என்று இப்போது அவளுக்குத் தெரியும். இது அந்த முகம் இல்லை.

"கடல் தாண்டிப் போயி நூல்புட்டாங்க தின்னீங்க?"

"ஆமா."

"திங்கும்போது என்ற நெனப்பு வந்துச்சுங்களா?"

"வந்துச்சு. தேங்காப்பூ பத்தலைன்னு நெனச்சேன்."

இங்கே முடித்துவிடலாம். 'அவள் சிரித்தாள். பெட்டியை அவிழ்த்தாள்.' பத்திரிகையில் கண்ணை மூடிக்கொண்டு போடுவார்கள். அப்படித்தான் எழுதினேன். மறுநாள் படித்தபோது கௌலத் சிரிக்க மறுத்துவிட்டாள். இடியாப்பத்தை வைத்து இந்தப் பெண்ணை ஏமாற்றப் பார்த்தேனே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

அவள் அச்சைக் கீழே வைத்தாள்.

"பொம்பளைன்னு இருந்தாக்கூட மனசு ஆறியிருக்குமுங்க. ஆம்பளை புத்தின்னு அழுதுட்டு விட்டிருப்பேன். நீங்க சும்மா பாக்கறதுக்குப் போயிருக்கறீங்க. பாக்கறதுக்குன்னா எனக்குந்தானுங்க ரெண்டு கண்ணு இருக்குது."

கொல்லங்கோட்டிலிருந்து கல்யாணத்துக்கு வந்தாள், பிரசவத்துக்குப் போனாள், பிள்ளையோடு திரும்பி வந்தாள். அவள் பார்த்த உலகம் அந்தச் சின்னத் தூரம்தான். துப்பட்டியின் இடைவெளியில் பார்த்தது அது. அவளையும் அழைத்துப் போகலாம் என்று அவனுக்குத் தோன்றக்கூட இல்லை. அதை எழுதும்போதே எனக்கு வலிக்கிறது.

"அடுத்த தடவை கூட்டிட்டுப் போறேன் புள்ளே," என்றான். மனசாரத்தான் சொன்னான்.

"கூட்டிட்டுப் போனீங்கன்னா நீங்க காட்டறதைத்தானுங்க நான் பாக்கோணும்."

பெட்டி கட்டியபடியே இருந்தது. கொல்லங்கோட்டுக்கு வேண்டாம் என்றாள். பெட்டியை எடுத்துக்கொண்டு நாளைக்கு ஸ்டேஷனுக்கு வாருங்கள் என்றாள்.

6

ஒலவக்கோடு ஸ்டேஷன். கௌலத் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்தியபடி, டிக்கட் ஜன்னல் முன்னால் வரிசையில் நிற்கிறாள். சைனுதீன் பெட்டியைத் தூக்கியபடி கொஞ்சம் தள்ளி நிற்கிறான். கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறான். தன் உடுப்பையும் ஒரு பையில் எடுத்து வந்திருக்கிறான், அதை முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருக்கிறான். எந்த ஊர் என்று அவள் அவனிடம் சொல்லவில்லை.

அவள் முறை வருகிறது. குனிந்து ஊர்ப் பெயரைச் சொல்கிறாள். பின்னால் ஒரு வண்டி கூவியதால் எனக்குக் கேட்கவில்லை.

"எத்ற ஆளுண்டு உம்மா?" என்று ஜன்னலுக்குள்ளிருந்து மலையாளத்தில் கேட்கிறார்கள். எத்தனை பேர் என்று.

'ரெண்டு' என்று ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். வண்டியில் அவன் போகிற வழியெல்லாம் "அங்க பாரு, இங்க பாரு" என்றே வந்தான். அவளுக்கு அவன் விரல்தான் தெரிந்தது. கிழித்துவிட்டேன்.

'ஒண்ணு' என்றும் எழுதினேன். வண்டி நகர்ந்த பிறகு பிளாட்பாரத்தில் பையை மடியில் வைத்து உட்கார்ந்தவனைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. அவன் கெட்டவன் இல்லை, தெரியாதவன். அதையும் கிழித்தேன்.

கௌலத் திரும்பி அவனைப் பார்க்கிறாள். பெட்டியைப் பார்க்கிறாள். அவன் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிற பையையும் பார்த்துவிடுகிறாள். வரிசையில் இருப்பவர்கள் முணுமுணுக்கிறார்கள், ஜன்னலுக்குள்ளே விரல்கள் பலகையைத் தட்டுகின்றன. அவள் திரும்பவும் குனிந்து, நிதானமாகச் சொல்கிறாள்:

"இருங்க. யோசிச்சுச் சொல்றேன்."

யோசிக்கட்டும். சைனுதீன் காத்திருக்கிறான். எனக்கும் ஒன்றும் அவசரமில்லை, இந்த வரிசையிலேயே நிற்கிறேன். உங்களுக்கு நேரமானால் நீங்களே ஒரு எண்ணைச் சொல்லிக்கொண்டு கிளம்புங்கள். அவள் காதில் விழாமல் சொல்லுங்கள்.