மைனரும் பத்தாம் தேதியும்

எங்கள் வீட்டில் முதல் வெந்நீர் ஆட்டுக்குத்தான். அதன் பெயர் மைனர். பனிக்காலம் வந்தால் என் புருஷன் செந்தமிழன் அதற்குச் சாக்கில் சட்டை தைத்துப் போடுவார். எனக்கு முகூர்த்தத்துக்குச் சாணி நிறத்தில் புடவை எடுத்த மனுஷன், மைனர் கழுத்துக்கு மட்டும் நல்ல சிவப்பாகத் தேடித் தேடிக் கயிறு வாங்குவார். சக்களத்தி வந்திருந்தால்கூட நான் இவ்வளவு புழுங்கியிருக்க மாட்டேன்.

அப்படிப்பட்ட மைனரை ஓட்டிப்போக, கறிக்கடை டேனியல் ஒரு நாள் காலையில் வாசலில் வந்து நின்றான்.

நான் காய்ச்சலில் கிடந்து அப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருந்தேன். ஷூ கம்பெனிக்குப் போகாததால் எனக்குச் சம்பளம் இல்லை. மழையில் அவருக்கும் கட்டட வேலை இல்லை. ஆனாலும் அரிசி இருந்தது. ஆட்டை விற்கும் அளவுக்கு ஒன்றும் முழுகிப்போகவில்லை. எட்டிப் பார்த்தேன். அவர் மைனருக்கு வாழைப்பழம் ஊட்டிக்கொண்டிருந்தார், அதன் முகத்தைப் பார்க்காமல்.

“யோவ், இன்னா பண்ணிக்கினு கீற?”

“நாளைக்கு பத்தாம் தேதி மே. உன் சீட்டு கட்டணும்ல.”

எங்கள் மகள் நிஷாவின் படிப்புக்காக நான் மியூச்சுவல் ஃபண்டில் மாதம் ஆயிரம் ரூபாய் போடுகிறேன். எஸ்ஐபி என்பார்கள், பத்தாம் தேதியானால் பேங்கிலிருந்து தானாகவே போய்விடும். எங்கள் தெருவில் மாதாமாதம் கட்டுவது என்றால் அது முனியம்மாள் அக்கா பிடிக்கிற ஏலச்சீட்டுதான். எல்லோரும் கட்டுவார்கள், மாதம் ஒருவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வார். தவணை தவறியவரை அப்புறம் யாரும் மதிக்க மாட்டார்கள்.

“அது சீட்டு இல்லய்யா. காய்ச்ச வந்த அன்னிக்கே செல்லு ஆப்புல நிறுத்தி வச்சிட்டேன். ரெண்டு மாசம் கட்ட வேணாம், அப்பால அதுவா ஆரம்பிச்சிக்கும்.”

நிம்மதியாவார் என்று பார்த்தால், முகம் இன்னும் சுண்டிப்போனது.

“அப்ப இந்த மாசம் எடுக்கறவங்க?”

“இன்னாத்த எடுக்கறாங்க?”

“நம்ம பணம் வர்லன்னா அவங்களுக்குக் கொறையுமே. எவங்க வூட்லயாவது கல்யாணத்துக்குன்னு எடுக்கறாங்கன்னு வெச்சிக்க.”

எனக்கு வந்த சிரிப்பு இருமலாகிவிட்டது. அவரைப் பக்கத்தில் உட்காரவைத்தேன்.

“மொத்தமா யாரும் எடுக்கறதில்ல. எல்லாரும் போடற பணத்துல ஃபண்டுக்காரங்க பல கம்பெனி ஷேரு வாங்குவாங்க. அதுல நம்மளுது எவ்ளோன்னு யூனிட்டா கணக்கு வெப்பாங்க. ஒரு யூனிட்டு இன்னிக்கு இன்னா வெலையோ, அதான் என்ஏவி.”

“ஏறி எறங்குமா?”

“கறி வெல மாதிரிதான். எறங்குனா அதே ஆயிரத்துக்கு யூனிட்டு ஜாஸ்தியா வரும். ஏறும்னு எவனும் எழுதிக் குடுக்க மாட்டான். நாம ஒரு மாசம் போடலன்னா நமக்கு மட்டும்தான் யூனிட்டு சேராது. எவங்க வூட்டு கல்யாணமும் நிக்காது.”

“கறி வெல எங்கக்கா எறங்குது,” என்றான் டேனியல். நான் முறைத்த முறைப்பில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.

“மூஞ்சி தெரியாதவங்களுக்காகவா மைனர குடுக்கப் பாத்த?” என்று கேட்டேன்.

அவர் எழுந்து போய் மைனரின் கழுத்தைச் சொறிந்தார். பிறகு சொன்னார்:

“நம்ம கல்யாணத்துக்கு சீட்டு எடுத்தேன்ல. அந்த மாசம் ரெண்டு பேரு கட்டல. காஞ்சிபுரத்துல உனக்குன்னு ஒரு பொடவ பாத்து எடுத்து வெக்கச் சொல்லியிருந்தேன். மாம்பழக் கலரு, அரக்கு பார்டரு. கடைசில பணம் பத்தல.”

சாணிப் புடவையைச் சொல்லிச் சொல்லி, நிறம் தெரியாத மனுஷன் என்று தெருவே சிரிக்கும்படி நான் கேலி செய்திருக்கிறேன். ஒரு தடவைகூட அவர் வாய் திறந்ததில்லை.

“ஏன்யா இத்தன வருசமா சொல்லல?”

“சொன்னா கட்டாதவங்க யாருன்னு கேப்ப. நீ சும்மா வுடுவியா? பாவம், அவங்களுக்கு இன்னா கஷ்டமோ.”

இப்படி ஒரு மனுஷன் எனக்கு வாய்த்தாரே என்று கண் கலங்கிவிட்டது. கட்டிக்கொள்ள ஆசைதான், தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. எழுந்து போய் அடுப்பில் வெந்நீர் வைத்தேன், மைனருக்கு.