தோங்குக்குப் படைத்த கோழி

மீன் சாஸை ஒரு தடவை ஊற்றினேனா, இரண்டு தடவையா? சனியன் பிடித்த புத்தி! பூண்டும் எலுமிச்சைப்புல்லும் இடித்துக்கொண்டிருந்தபோது கால்வாயில் கியெமின் படகுச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்துவிட்டு வந்து மறுபடியும் பாட்டிலைச் சாய்த்துவிட்டேனோ என்று சந்தேகம். ஊறும் கோழியில் ஒரு விரல் தொட்டு நக்கினால் தெரிந்துவிடும். ஆனால் திதிச் சமையலைச் செத்தவர் சாப்பிடும்முன் இருப்பவர் வாயில் வைக்கக் கூடாது.

செத்தவன் என் புருஷன் தோங். மூன்று வருஷத்துக்கு முன் புயலில் படகு கவிழ்ந்து போனான். இன்று படையலில் ஊதுபத்தி எரிந்து முடிந்ததும் என் மாமியார் அவனிடம் கேட்பார்: உன் பெண்டாட்டி தாம், கியெமைக் கட்டிக்கொள்ளலாமா? ஒரு பக்கம் சுண்ணாம்பு தடவிய இரண்டு செப்புக்காசுகளைத் தட்டில் போடுவார். ஒன்று வெள்ளையும் ஒன்று செம்புமாக விழுந்தால் சம்மதம். ஒரே மாதிரி விழுந்தால் இல்லை. மூன்று தடவைதான் கேட்கலாம்.

தோங் சரியென்று சொல்லாமல் இந்த வீட்டுப் படி இறங்கமாட்டேன் என்று கியெமிடம் சொல்லியிருந்தேன். "இந்த வருஷமும் இல்லேன்னா நான் கா மாவ் பக்கம் போயிடுவேன், தாம். எத்தனை நாள்தான் கரையிலயே நிக்கிறது?" என்றான் அவன். அவன் போய்விட்டால் நான் உடைந்துபோவேன். இதில் வெட்கம் என்ன?

கோழியைக் கரியடுப்பில் போட்டதும் மாமியார் வந்து நின்றார்.

"என்னடி, கோழி சுடுறியா, கரி சுடுறியா?"

"சக்கரை போட்டது கருகத்தாம்மா செய்யும்."

"உன் வாய் மட்டும் கருகாது. உப்பு சரியா இருக்கா?"

"ருசி பாக்கக் கூடாதே, எனக்கு எப்படித் தெரியும்?"

"அதான். அவனே சொல்லுவான்."

உப்புக்கரிக்கும் கோழியை வைத்தால் எந்தப் புருஷன் வாழ்த்தி அனுப்புவான்?

படையலை மாமியார்தான் அடுக்குவார், என்னைக் கிட்டேயே விடமாட்டார். கியெம் வெள்ளைச் சட்டையும் ஒரு சீப்பு வாழைப்பழமுமாக வந்து வாசலோரம் உட்கார்ந்தான். ஊதுபத்தி அடிவரை எரிந்தது. மாமியார் காசைப் போட்டார்.

இரண்டும் வெள்ளை.

"சிரிக்கிறான், சரின்னு சொல்லல" என்றார். மறுபடி போட்டார். இரண்டும் செம்பு. கியெமின் முகம் சுருங்கிவிட்டது.

"அவன் இன்னும் சாப்பிடவே இல்ல. பசியோட இருக்கிறவன்கிட்ட என்னத்தைக் கேக்குறது?" என்றார் மாமியார்.

"என் தப்புதாம்மா, உப்பு..." என்று அழுகையோடு படையலைப் பார்த்தேன். சோற்றுக் கிண்ணம் இருந்தது. கோழி, மிளகுப்பொடி, எலுமிச்சை, சாராயக் கோப்பை எல்லாம் இருந்தன. அவன் சாப்பிடும் கறுப்புக் குச்சிகளைக் காணோம். குச்சி இல்லாமல் எதை வைத்துச் சாப்பிடுவான்? காலையில் நானே கழுவி வைத்த ஜோடி அது.

மாமியாரின் சட்டைப் பையில் அவற்றின் நுனி நீட்டிக்கொண்டிருந்தது.

அடிப்பாவி! கிழவியின் கையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் ஆத்திரம் வந்தது. "அம்மா" என்றேன். என் கண் போன இடத்தை அவரும் பார்த்தார். மறைக்கவில்லை.

"நீயும் போயிட்டா இந்த வீட்ல நான் யார்கூடடி சண்டை போடுவேன்?"

அவர் பையிலிருந்து குச்சிகளை எடுத்தார், சட்டையின் ஓரத்தில் துடைத்தார், கிண்ணத்தின்மேல் வைத்தார். "சாப்பிடுடா" என்றார். புதிதாக ஓர் ஊதுபத்தி ஏற்றினார். அதுவும் அடிவரை எரிந்தது.

மூன்றாவது தடவை காசு தட்டில் விழுந்ததுமே உள்ளங்கையால் சட்டென்று மூடினார். விரலிடுக்கில் தான் மட்டும் பார்த்தார்.

"ஒண்ணு வெள்ளை, ஒண்ணு செம்பு. சரின்னுட்டான்."

கியெம் எட்டிப் பார்த்தான்.

"என்னடா பார்வை? என் புள்ள சொன்னதை நான் மாத்திச் சொல்லுவேனா?" காசுகளை வழித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

பிறகு சாப்பிட உட்கார்ந்தோம். மாமியார் ஒரு துண்டைக் கடித்தார். கண்ணில் நீர் முட்டியது.

"ரெண்டு தடவை ஊத்தியிருக்கே. வாயில வைக்க முடியல. அடுத்த வருஷம் திதிக்கு வந்து ஒழுங்கா செஞ்சு வை" என்றபடி இன்னொரு துண்டை எடுத்தார்.