மெஷின் நிற்கும் இடம்

ஒரே அத்தியாயத்தைப் பதினோரு முறை திருத்தியவளிடம் புத்தி சொல்ல யாருக்கும் வாய் வராது. அவள் கணவர் தையல்காரர், அவருக்கும் வரவில்லை. கடையில் சட்டைப் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்து முடித்ததும் அவள் வெட்டுமேஜையின் ஓரத்தில் உட்கார்ந்து எழுதுவாள், அடிப்பாள், மறுபடி எழுதுவாள். கழித்த தாள்கள் மேஜைக்கு அடியில் இருக்கும் பெட்டிக்குப் போகும். அவர் அவற்றை நாலைந்தாகப் பசை தடவி ஒட்டி, காலருக்கும் சட்டைப் பைக்கும் அளவு அட்டை வெட்டிக்கொள்வார். அந்தத் தெருவில் பாதிப் பேரின் காலர் அவளுடைய கழித்த வாக்கியங்களில் அளவெடுத்ததுதான்.

ஒரு மதியம் பெட்டிக்குப் போனது கழிவு அல்ல. ஒன்பதாம் அத்தியாயத்தின் பதினோராவது பிரதி. பத்தாவது என்று நினைத்து அவளே அதைப் போட்டுவிட்டாள். தெரியவருவதற்குள் அவர் அதையும் ஒட்டி வெட்டியிருந்தார். பத்தாவதோ முந்தின நாளே அட்டையாகியிருந்தது. இழைத்து இழைத்து எல்லாப் பிரதியும் ஒரே மாதிரி ஆகியிருந்ததால் எழுதியவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

பதிப்பகத்து அம்மாள் இரண்டு முறை கெடுவைத் தள்ளிக் கொடுத்தாயிற்று. எல்லாம் சரியாக இருக்கிறது, உயிர்தான் இல்லை என்று சொல்லியிருந்தார். மாதக் கடைசிக்குள் வராவிட்டால் நாவலை மூட்டை கட்டிவிட்டு இனி பேனாவைத் தொடமாட்டேன் என்று அவள் வீட்டில் சொல்லியிருந்தாள். அவள் சும்மா சொல்கிறவள் இல்லை என்று அவருக்குத் தெரியும். பாவம், காலர் அட்டைகளைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்துக்கூடப் பார்த்தார். மை கரைந்து அவர் விரல்தான் நீலமானது.

கடைசியில் மெஷினில் உட்கார்ந்து, தலையைத் தூக்காமல் கேட்டார்.

"அதுல என்ன எழுதியிருந்தே, எனக்குச் சொல்லேன். தச்சுக்கிட்டே கேக்குறேன்."

இரண்டு பக்கம் படித்தாலே குறட்டை விடுகிற மனிதர். இவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தாலும் சொல்லத் தொடங்கினாள். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் அப்பாவுக்கு மகள் நகம் வெட்டிவிடும் அத்தியாயம் அது. ஜன்னல், வெளிச்சம், வராந்தாவின் வாசனை என்று அவள் அழகாகச் சொல்லிக்கொண்டு போனாள். மெஷினும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பதினோரு பிரதியிலும் மகள் நகம் வெட்டும்போது அப்பா சிரிப்பார். வாயால் சொல்லும்போது அந்தச் சிரிப்பு வரவில்லை.

"அப்பா கையை இழுத்துக்கிட்டார். அவளுக்குக் கோபம் வந்துடுச்சு. அப்படியே கெடங்கன்னு சொல்லிட்டு வெளிய போயிட்டா. திரும்பி வந்தப்போ ஒரு கைக்குத்தான் நகம் வெட்டியிருந்துச்சு. இன்னொரு கைக்கு வெட்ட அவர் இல்ல."

மெஷின் நின்றது. அவர் தலையைத் தூக்கினார்.

"இதை நீ என்கிட்டகூடச் சொன்னதில்லையே."

அவள் அழுதாள். அவள் அப்பா போனதிலிருந்து நாலு வருஷமாக அடக்கி வைத்திருந்த அழுகை. அவர் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். அவர் கையிலிருந்த சட்டையின் கை, உள்ளே கை நுழைய முடியாதபடி வாய் மூடித் தைக்கப்பட்டிருந்தது. பத்தொன்பது வருஷத்தில் அவர் அப்படித் தைத்ததே இல்லை. அதைப் பார்த்து அழுகையோடேயே சிரித்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே அந்த அத்தியாயத்தை எழுதி முடித்தாள். பன்னிரண்டாவது பிரதி என்று அதற்குப் பெயர் வைக்கவில்லை.

மறுநாளிலிருந்து அதுவே வழக்கமானது. மற்ற அத்தியாயங்களையும் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு நினைவிலிருந்து சொல்வாள், அவர் தைப்பார். மெஷின் தடையில்லாமல் ஓடிய இடங்களை ஈவு இரக்கமில்லாமல் அடித்தாள். தயங்கிய இடங்களை வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பெருமையாக இருந்த வர்ணனைகள் எல்லாம் அடிபட்டுப் போயின. அவரிடம் தைக்கக் கொடுத்தவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

மாதத்தின் கடைசி நாள் கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. அப்பா போன பிறகு, மகளின் கைப்பையில் அந்த நகவெட்டி கிடைக்கிறது. அவ்வளவுதான் கதை. அவள் உயிரைக் கொடுத்துச் சொன்னாள். மெஷின் ஒரு முறைகூட நிற்கவில்லை. முடிக்கும்போதும் அதே கடகட.

அவள் பேனாவை எடுத்தாள்.

"மெஷின் நிக்கவேயில்லையே. இது தேறாது. அடிச்சிடறேன்."

அவர் துணியை எடுத்து நீட்டினார். அவள் வாங்கியதும் அது இரண்டு துண்டாகப் பிரிந்து வந்தது. அடிநூல் சுற்றியிருக்கும் பாபினில் நூல் தீர்ந்துபோயிருந்தது. அடிநூலே இல்லாமல் முழ நீளத்துக்குத் தைத்திருக்கிறார்.

"எப்பத் தீந்துச்சுன்னே தெரியல," என்று சொல்லிச் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவள் பேனாவை மூடி, தாள்களை உறையில் போட்டு ஒட்டினாள். பிறகு பாபினைக் கழற்றி எடுத்து, அவருக்காக நூல் சுற்ற உட்கார்ந்தாள்.